குடித்தால் சாவாய்

அத்தியாயம் 4

வேதியியல் துறையின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'எச்சரிக்கை: இது ஆபத்தான பகுதி.' அதற்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு பலகை. 'எச்சரிக்கை: தொங்கும் பலகை தலையில் இடிக்கும்.'

கொழுந்தன் இரண்டாவதைப் படித்துக்கொண்டே முதலாவதில் இடித்துக்கொண்டான்.

"நல்ல பலகை அண்ணி," என்று நெற்றியைத் தேய்த்தான். "சொன்னதைச் செய்யுது."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. துப்பறியும் தொழிலில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. போலீஸ்காரர்கள், வக்கீல்கள், அவள் பிடித்துக்கொடுத்த திருடர்கள் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். கொழுந்தன் மட்டும் நிஜமாகவே அவளுடைய கொழுந்தன். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்து, அவள் வாங்கிவைக்கிற பிஸ்கட்டையெல்லாம் காலி செய்துகொண்டிருந்தான். கண்ணெதிரில் வைத்திருந்தாலாவது பிஸ்கட் மிஞ்சும் என்று உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். நேற்று மதியம் துறைத் தலைவர் ஏதோ ஓர் ஆரஞ்சு நிறத் திரவத்தைக் குடித்துவிட்டு வராந்தாவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், தன்னிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தியைக் கைகாட்டினார். பழச்சாறு என்று சொல்லி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள், நம்பிக் குடித்தேன், விஷம் என்றார். இன்று சாயங்காலம் விசாரணைக் குழு கூடுகிறது. குழு அவளைத் துறையிலிருந்து நீக்கும். அதன்பிறகு போலீஸ் அழைத்துப் போகும். குழு கூடும்வரை இன்ஸ்பெக்டர் பொறுத்திருந்ததே பல்கலைக்கழகத்தின் மேல் வைத்திருந்த மரியாதைக்காக.

மாணவியின் அப்பா தையற்கடைக்காரர். காலையில் அளவெடுக்கும் டேப் கழுத்தில் தொங்க, அதைக் கழற்றக்கூட மறந்து, அண்ணியின் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்.

பாதுகாப்பு அலுவலர் எதிரே ஓடிவந்தார். ஒல்லியான மனிதர். வளையல் மாதிரி மணிக்கட்டில் ஸ்டிக்கர் சுருள் ஒன்றை மாட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க. தரை வழுக்கும், பாத்து வாங்க."

"ஈரமே இல்லியே சார்," என்றான் கொழுந்தன்.

"இன்னைக்கு இல்ல. ஆனா வழுக்க வாய்ப்பிருக்கு." தரையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த 'வழுக்கும்' ஸ்டிக்கரைக் காலால் அழுத்தினார். அது வழுக்கியது.

வராந்தா முழுவதும் அவருடைய கைவண்ணம். ஸ்விட்சுக்கு மேல் 'மின்சாரம் ஆபத்து'. ஜன்னலுக்கு மேல் 'உயரம் ஆபத்து'. நாற்காலியில் 'சாயாதீர்கள்'. இவற்றுக்கு நடுவே, தீயணைக்கும் சிலிண்டர் ஒரு கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. மேலே அமிலம் கொட்டினால் ஓடிவந்து நிற்பதற்கான அவசரக் குழாயில் யாருடைய குடையோ காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் ஒரு கதவு. அதன் பூட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு: 'சாவி தலைவரிடம் உள்ளது.'

"தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?" என்றாள் அண்ணி.

"தலைவர்கிட்ட அனுமதி கேட்டு..." என்று ஆரம்பித்த பாதுகாப்பு அலுவலர், வாக்கியம் போகிற திசை பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"தீகிட்டயும் கொஞ்சம் டைம் கேட்டுக்கலாம்," என்றான் கொழுந்தன்.

ஆராய்ச்சி மாணவர்களின் அறையில் அந்த மாணவி மட்டும் இருந்தாள். உட்கார்ந்திருந்தும் உயரமாகத் தெரிந்தாள். துறையே அவளை நெட்டை என்றுதான் கூப்பிடும். அழுது முடித்து, முகம் கழுவி, திரும்பவும் அழுத முகம்.

"உக்காருங்க. நீங்க எதுக்கும் பயப்பட வேண்டாம்," என்றாள் அண்ணி.

"மேடம், என்னை நீன்னே கூப்பிடுங்க. நேத்து மதியத்துலேருந்து எல்லாரும் என்னை வாங்க போங்கன்னு பேசறாங்க. கேண்டீன்காரர்கூட 'உங்களுக்கு என்ன வேணும்'ங்கறார். அதைக் கேட்டாத்தான் பயமா இருக்கு."

"கேஸ்ல மாட்டினவங்களை நீங்கன்னுதான் கூப்பிடுவேன். தொழில் பழக்கம். சொல்லுங்க, தலைவருக்கு டம்ளர்ல ஜூஸ் கொடுத்தீங்களா?"

"டம்ளரே எங்க ரூம்ல கிடையாது மேடம். நாங்க எல்லாரும் பாட்டில்தான். நேத்து மதியம் பூரா கருத்தரங்கு அறையில இருந்தோம். திரும்பி வந்தா சார் வராந்தால கிடக்கறார். என் பாட்டில்ல பாதி இல்ல."

"பாட்டில்ல என்ன இருந்தது?"

"சாயக் கரைசல். என் ஆராய்ச்சியே அதை வெச்சுத்தான். குளிர்லயே இருக்கணும், இல்லாட்டி கெட்டுப்போயிடும். கெமிக்கல் ஃப்ரிட்ஜைப் பாதுகாப்புக்காகப் பூட்டிட்டாங்க. சாவி சார்கிட்ட. சார் மீட்டிங்ல. ரெண்டு தடவை போய் நின்னேன், 'அப்புறம் வா'ன்னுட்டார். அதான் இதுல வெச்சேன்."

அறை மூலையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மாணவர்கள் பால், பழம், கேக் வைத்துக்கொள்வதற்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது.

"சாப்பாட்டு ஃப்ரிட்ஜ்ல விஷத்தை வெச்சீங்க."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தும் அண்ணியின் உயரத்துக்கு வந்தாள். "லேபிள் ஒட்டித்தான் வெச்சேன். மண்டையோடு வரைஞ்சு, சிவப்பு இங்க்ல, 'குடித்தால் சாவாய், சத்தியமாக'ன்னு எழுதி."

பாதுகாப்பு அலுவலர் தலையாட்டினார். "உண்மைதான். பாட்டிலை இன்ஸ்பெக்டர் அப்பவே சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டார். அவருக்கும் எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் தவிர, லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

"தலைவர் அந்த பாட்டிலைப் பார்த்தாரா?"

"பார்க்கவே இல்லியாம். டம்ளரை மட்டும்தான் பார்த்தேன்னு வாக்குமூலத்துல திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கார். குழுவும் அதைத்தான் நம்புது. மண்டையோடு போட்ட பாட்டிலைப் படிச்ச மனுஷன் எவனாவது எடுத்துக் குடிப்பானா? யாரோ ஊத்திக் கொடுத்தாத்தானே உண்டு?"

கேள்வி நியாயமானது. அண்ணி அதை மனதில் புரட்டிக்கொண்டே திரும்பினாள். கொழுந்தன் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்ன திங்கற?"

"கேக் அண்ணி."

"எங்கேருந்து எடுத்த?"

கொழுந்தன் டப்பாவைக் காட்டினான். மூடியில் மண்டையோடு. அதன் கீழே 'உடனடி மரணம்'.

பாதுகாப்பு அலுவலர் ஒரு சத்தம் போட்டார். அது வார்த்தையாக வரவில்லை. மணிக்கட்டிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்துக் கொழுந்தனின் சட்டையில் ஒட்டினார். பதற்றத்தில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதில் 'உடையும் பொருள், கவனம்' என்றிருந்தது.

"சார், பதறாதீங்க. நானும் ஹாஸ்டல்ல இருந்தவன்." கொழுந்தன் விரலை நக்கினான். "சும்மா டப்பான்னா உள்ள ரஸ்க் இருக்கும். பேர் எழுதியிருந்தா பிஸ்கட். மண்டையோடு போட்டிருந்தா அது நல்ல கேக். நேத்து வாங்கினது, கிரீம் வெச்சது."

அண்ணி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு சுடுகாடே இருந்தது. பால் பாக்கெட்டில் மண்டையோடு. திராட்சையில் மண்டையோடு. ஒரு வாழைப்பழத்தில் தனியாக ஒரு குட்டி மண்டையோடு, 'கதிர்வீச்சு' என்ற குறிப்புடன்.

"இதெல்லாம்?"

"எங்க சாப்பாடு," என்றாள் நெட்டை சின்னக் குரலில். "யாரோ திருடறாங்க மேடம். ரொம்ப நாளா. முதல்ல 'தயவுசெய்து எடுக்காதீர்கள்'னு மரியாதையா எழுதினோம். போச்சு. அப்புறம் 'எடுக்காதே'ன்னு எழுதினோம். போச்சு. அப்புறம்தான் மண்டையோடு. கொஞ்ச நாள் பயந்தாங்க. அப்புறம் அதுவும் போக ஆரம்பிச்சுது. 'மரணம்'னு எழுதினோம், 'உடனடி'ன்னு சேத்தோம். நிஜமாவே விஷத்தை வெக்கிற அன்னிக்கு எழுத எங்ககிட்ட வார்த்தையே மிச்சமில்ல. அதான் 'சத்தியமாக'ன்னு போட்டேன்."

"அதை இதுக்கு முன்னாடி எதுலயாவது போட்டிருந்தீங்களா?"

"ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்ல மட்டும்."

பாதுகாப்பு அலுவலர் வாசல்வரை நீண்ட தன் ஸ்டிக்கர்களை ஒருமுறை பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"திருட்டே நடக்காத நாள் உண்டா?" என்றான் கொழுந்தன், மிச்சக் கேக்கை டப்பாவில் வைத்து மூடியபடி. திருட்டு விஷயத்தில் அவனுடைய கேள்விகள் எப்போதும் அனுபவத்திலிருந்து வருபவை.

நெட்டை யோசித்தாள். "போன மாசம் ஒரு வாரம் முழுக்க ஒண்ணுமே போகல. எங்களுக்கே ஆச்சரியம். சார் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்தார், அந்தச் சந்தோஷத்துல பெரிய கேக்கா வாங்கி வெட்டினோம். அதுகூட வெச்சது வெச்ச மாதிரியே இருந்துச்சு."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஃப்ரிட்ஜை மெதுவாகச் சாத்தினாள்.

"சார்," என்றாள் பாதுகாப்பு அலுவலரிடம், "குழுவுக்கு நீங்கதானே செயலாளர்? தலைவரைப் பாக்கப் போறோம், கூட வாங்க. ஆனா திரைக்குப் பின்னாடி நிப்பீங்க. மூச்சு விடலாம். தும்மக் கூடாது."

"அவர் பாத்துட்டா என் வேலை போயிடும்."

"இந்தப் பொண்ணுக்கு இன்னைக்குச் சாயங்காலம் எல்லாமே போயிடும்."

அவர் நெட்டையைப் பார்த்தார். ஸ்டிக்கர் சுருளைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெறும் கையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. சின்னக் கையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தலைவருக்குத் தனி அறை. கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று போட்டிருந்தது. தலைவர் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருப்பவர் போலச் சாய்ந்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் எவ்வளவு துடைத்தும் மீசையின் ஆரஞ்சு நிறம் மட்டும் போகவில்லை.

பாதுகாப்பு அலுவலர் பக்கத்துக் கட்டிலை மறைத்த திரைக்குப் பின்னால் ஏற்கெனவே நழுவியிருந்தார்.

"யார் நீ?" என்றார் தலைவர்.

"அந்தப் பொண்ணோட அப்பா அனுப்பினார் சார். மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தோம்." அண்ணியின் குரலில் இவ்வளவு பணிவு கொழுந்தனுக்குப் புதிது. வீட்டில் இதில் கால்வாசி கிடைத்தால்கூடப் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

"மன்னிப்பா? கொலை முயற்சிம்மா இது! துணைவேந்தர் நேர்ல வந்து பாத்துட்டுப் போனார். மாலை அனுப்பியிருக்கார்."

"மாலை வேற எதுக்கோ சொல்லிவெச்சதா இருக்கும் சார்," என்றான் கொழுந்தன். "நீங்க பிழைச்சுட்டீங்க."

அண்ணி அவன் காலை மிதித்தாள். "டம்ளர்லதானே சார் கொடுத்தா?"

"டம்ளர். கண்ணாடி டம்ளர்."

"பாட்டிலை நீங்க பாக்கல."

"எந்த பாட்டில்? பாத்திருந்தா குடிச்சிருப்பேனா? நான் வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவன்."

"அதானே. பாத்திருந்தா நீங்களே அவளை மன்னிச்சிருப்பீங்க. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு! பாட்டில்ல என்ன எழுதியிருந்தாளாம் தெரியுமா? 'பெரியவர்களே, தயவுசெய்து இதை அருந்தாதீர்கள்'னு. குழுவுல அதைக் கேட்டுட்டு எல்லாருக்கும் மனசு இளகிடும். இப்படி மரியாதையா எழுதற பொண்ணு விஷம் வெப்பாளான்னு."

தலைவரின் மீசை துடித்தது. "யார் சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தான் சார் பேசிக்கறாங்க. பெரியவர்களேன்னு கூப்பிட்டிருக்கா, வளர்த்த விதம் அப்படின்னு..."

"பொய்!" குளுக்கோஸ் பாட்டில் ஆடியது. "பெரியவர்களேவாம்! 'குடித்தால் சாவாய்'னு எழுதியிருக்கா! சாவாய்! எத்தனை பேர் நடமாடற துறை அது? தலைவர் இருக்கார், பேராசிரியர்கள் இருக்காங்க. 'சாவீர்கள்'னு எழுதினா கை சுளுக்கிக்குமா அவளுக்கு?"

"சத்தியமாகன்னும் போட்டிருந்துச்சா சார்?" என்றான் கொழுந்தன் அக்கறையாக.

"பெரிசா! சிவப்புல! முன்னல்லாம் இப்படி இல்ல. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்'னு ஒழுங்காத்தான் எழுதிட்டு இருந்தாங்க. வர வர மரியாதையே இல்லாமப் போச்சு."

"மரியாதை இருந்தப்பவும் நீங்க எடுத்தீங்களே சார்," என்றாள் அண்ணி.



தலைவர் அண்ணியைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், பிறகு, தான் சொன்ன வார்த்தைகள் அங்கேயே மிதந்துகொண்டிருப்பது போல, மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"மண்டையோடு போட்ட பாட்டில்ல," என்றார், "எப்பவும் ஆரஞ்சு ஜூஸ்தான் இருக்கும்."

"சாயம் வெளுத்துருச்சு அண்ணி," என்றான் கொழுந்தன். "மீசையில மட்டும்தான் பாக்கி."

அண்ணி சிரிக்கவில்லை. "குடிச்சது சரி சார். அந்தப் பொண்ணு கொடுத்தான்னு ஏன் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? பசங்க ஃப்ரிட்ஜ்ல திருடிக் குடிச்சு வாந்தி எடுத்தேன்னா? துணைவேந்தர்கிட்டயா? விஷம் வெச்சுக் கொல்லப் பாத்தாங்கன்னா அது வேற. அதுல ஒரு..." தலைவர் வார்த்தையைத் தேடினார்.

"மரியாதை இருக்கு," என்றாள் அண்ணி. "அதுக்காக ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகலாம்."

"ஜெயில்னு யார் சொன்னது? விசாரணைதானே. ரெண்டு வருஷம் இழுக்கும். அதுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க."

"அவ மறக்க மாட்டா. அவ ஆராய்ச்சியும் கெட்டுப்போயிருக்கும். சாவி உங்ககிட்ட."

திரை விலகியது. பாதுகாப்பு அலுவலர் வெளியே வந்தார்.

"யோவ்! நீ எங்க இங்க?"

"எல்லாத்தையும் கேட்டேன் சார். குழுகிட்டச் சொல்லியாகணும்." பிறகு அந்தச் சின்னக் கையை நீட்டினார். "சாவிக் கொத்தைக் கொடுங்க. கெமிக்கல் ஃப்ரிட்ஜ், அவசர வழி, எல்லாம்."

"கொடுக்கலேன்னா?"

பாதுகாப்பு அலுவலர் யோசித்தார். வாழ்நாள் முழுவதும் எச்சரித்தே பழகியவருக்கு, அந்த நேரத்தில் ஓர் எச்சரிக்கைகூட நினைவுக்கு வரவில்லை.

"கொடுய்யா," என்றார்.

தலைவர் கொடுத்துவிட்டார். ஒருமையில் அவரிடம் யாரும் எதையும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் குழு கூடிய வேகத்திலேயே கலைந்தது. பாதுகாப்பு அலுவலர் கேட்டதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, நெட்டையை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஜீப்பைத் திருப்பினார். வராந்தாவில் அவசர வழி முதல்முறையாகத் திறந்தது. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பழைய எச்சரிக்கைப் பலகைகள் அடுக்கியிருந்தன. பாதுகாப்பு அலுவலர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார்.

தையற்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்து டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெட்டை, இன்னும் நம்பாத முகத்தோடு.

"முடிஞ்சிடுச்சா மேடம்? நிஜமாவா?"

"கேஸ் முடிஞ்சிடுச்சு."

"அப்போ என்மேல தப்பு இல்ல."

அண்ணி கைப்பையைப் பெஞ்சில் வைத்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். கொழுந்தன் இரண்டு அடி பின்வாங்கினான். இந்த நிலையை அவன் வீட்டில் பார்த்திருக்கிறான்.

"தப்பு இல்லியா? ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? பால் வெக்கிற இடத்துல விஷத்தை வெப்பியா நீ? சாவி தரலேன்னா அந்த ரூம் வாசல்ல நின்னு கத்த வேண்டியதுதானே? ரெண்டு தடவை போனாளாம்! மூணாவது தடவை போக உனக்குக் கால் இல்ல? இவ்வளவு நீளத்துக்கு எதுக்குக் கால் வெச்சிருக்கே? திருடறவன் செத்திருந்தா என்ன ஆயிருக்கும்? அவனுக்குப் பதிலா, விவரம் தெரியாத எவனாவது குடிச்சிருந்தா? இதோ நிக்கறானே, இந்தத் தடியன், இவன் குடிச்சிருந்தா?"

"நான் கேக்கோட நிறுத்திக்கிட்டேன்," என்றான் கொழுந்தன்.

"நீ வாயை மூடு. கேளுடி, உன்னைத்தான். இனிமே விஷத்துமேல விஷம்னு எழுது. கேக்குமேல கேக்குன்னு எழுது. புரிஞ்சுதா உனக்கு?"

வராந்தாவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தையற்கடைக்காரர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

நெட்டை மட்டும், நேற்று மதியத்துக்குப் பிறகு முதல்முறையாக, சிரித்துக்கொண்டிருந்தாள்.